தெப்பத்தில் போன பேண்டு

வணக்கம். எல்லாரும் சௌக்கியமா? சளி, இருமல், முழங்கால் வலி ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறீர்களா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே ஐஸ்னர் துறை என்கிற இந்தக் குளிர்தேசத்து மீன்பிடி ஊரில் காலையிலிருந்து ஒரே மூடுபனி. எதிர்வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. இப்படிப் பனி இறங்கினால் இந்த ஊரில் யாராவது ஒருத்தர் எல்வா வென்ட்ஸலின் பேச்சை எடுத்துவிடுவார்கள். இன்றைக்கு அது என் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்வா ஊர் பேண்டில் யூஃபோனியம் ஊதுகிறவள். பித்தளை வாத்தியம், கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி அணைத்துப் பிடித்துத்தான் ஊத வேண்டும். யுத்தத்துக்கு ஆண்கள் கப்பலேறிப் போனபோது, சும்மா கிடந்த வாத்தியங்களை ஊர்ப் பெண்கள் எடுத்து ஊதிப் பார்த்தார்கள். ஆண்கள் திரும்பி வந்ததும் பலபேர் மரியாதையாகக் கொடுத்துவிட்டார்கள். எல்வா கொடுக்கவில்லை. கேட்டு வந்தவனிடம், "உன் பேரு இதுல எங்க எழுதியிருக்கு, காட்டு" என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து முன்வரிசை நாற்காலி அவளுடையதுதான்.

நான் சொல்லுகிற வருஷம், பனிக்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. பிழைத்து எழுந்தாள். ஆனால் மூச்சு பழைய மூச்சாக இல்லை. மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்க்கிற மாதிரி நிற்பாள். ஒரு நுரையீரலின் அடிப்பக்கம் இனி வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது எல்வாவுக்குத் தெரியும், அவள் கணவன் ஆட்வுட்டுக்குத் தெரியும், நாத்தனார் வெர்னாவுக்குத் தெரியும். பேண்டு மாஸ்டர் முர்டாக்குக்கு நிமோனியா வந்துபோனது மட்டும்தான் தெரியும், இது தெரியாது.

அந்த வருஷம் பார்த்துத்தானா முர்டாக் ஒரு பெரிய இசையை எழுதி முடிக்க வேண்டும்? அவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். முத்திரை குத்துகிற தாளத்திலேயே வாய்க்குள் முணுமுணுத்து முணுமுணுத்து, பேண்டுக்கென்றே ஒன்றை உருவாக்கியிருந்தார். எல்லாம் இந்தத் துறையின் பழைய கப்பல் பாட்டுகள். நம் கடற்கரையில் அம்பா பாடி வலை இழுப்பார்களே, ஒருத்தர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பதில் சொல்லி இழுப்பார்களே, அதே சங்கதிதான் இங்கேயும். முதல் பகுதி, கப்பல் புறப்படுகிற பாட்டு. இரண்டாவது, நடுக்கடல் அலை. மூன்றாவது, பாய் ஏற்றுகிற இழுவைப் பாட்டு. அடியெடுத்துக் கொடுக்கிறவனின் குரலை முர்டாக் யூஃபோனியத்துக்குக் கொடுத்திருந்தார். எல்வாவுக்கு அதைக் கேட்டபோது கண் நிறைந்துவிட்டது.

தொல்லை அந்த இரண்டாவது பகுதியில். அலை எழுந்து, உருண்டு, தாழ்ந்து போகிற மாதிரி ஒரே நீள வரி. பேண்டில் மற்றவர்கள் ஒருத்தர் நிறுத்தும்போது இன்னொருத்தர் ஊதி, மாற்றி மாற்றி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கேட்கிறவர்களுக்கு இடைவெளியே தெரியாது. தனியாக ஊதுகிறவள் என்ன செய்வாள்?

தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகையில்தான் ஒத்திகை. எல்வா அந்த வரியின் நடுவில் உடைந்துபோனாள். முர்டாக் தாளம் காட்டுகிற கோலைத் தாழ்த்தினார்.

"எல்வா, அலை பாதியில நின்னு மூச்சு வாங்குமா?"

பின்னாலிருந்து பெரிய டிரம் அடிக்கிற வெர்னா வாயைத் திறந்தாள். "அலைக்கு நிமோனியா வந்து நான் பார்த்ததில்ல, முர்டாக்."

"வெர்னா, நீ உன் டிரம்மைப் பாரு," என்றாள் எல்வா.

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி. அது பாவம், மூச்சே விடாது."

எல்லாரும் சிரித்தார்கள். முர்டாக் சிரிக்கவில்லை. "படகு ஆசீர்வாதத்து அன்னிக்கு வாசிச்சாகணும். அன்னிக்கும் இப்படி உடைஞ்சா, அப்புறம் நம்ம பின்வரிசை ஹார்வி அவன் டிராம்போன்ல எடுத்துக்கட்டும். கோவிச்சுக்காத. பாட்டுன்னா பாட்டுதான்."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் எல்வாவுக்குக் கணக்கு தெரியும். முன்குரல் போனால் முன்வரிசை போகும். பின்வரிசையில் உட்கார்ந்து, எப்போது நம் முறை வரும் என்று எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்படி உட்காருவதற்குப் பதிலாக வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

வீட்டில் ஆட்வுட் ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீனை ரொட்டியில் வைத்துத் தின்றபடியே சொன்னார். "அவன்கிட்ட சொல்லிடேன்."

"சொன்னா எடுத்துடுவான்."

"சொல்லாட்டியும் எடுத்துடப் போறான்."

"உனக்கு மீனு திங்கறதுக்குன்னு ஒரு வாய், பேசறதுக்குன்னு ஒரு வாயா? ஒண்ணை மூடு."

ஆட்வுட் மூடிக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பாயை இறக்கிவிடுவார்.

ஜூலையில் அந்தப் படகு ஆசீர்வாத ஞாயிற்றுக்கிழமை வந்தது. படகுகளுக்கெல்லாம் கொடி கட்டியிருந்தது. பாதிரியார் ஒவ்வொரு படகாகப் பேர் சொல்லி ஆசீர்வாதம் செய்துகொண்டு வந்தார். துறையின் பலகை மேடையில் கூட்டம் தாங்காது என்று, கல் ஏற்றுகிற தட்டையான மரப் படகு ஒன்றைத் துறை ஓரத்தில் கட்டி, அதன்மேல் நாற்காலி போட்டு பேண்டை உட்கார வைத்திருந்தார்கள். நம் ஊர்த் தெப்பம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரமும் கிடையாது, துடுப்பும் கிடையாது. முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. கயிற்றுக்குக் காவல் கிளைசன் மோஸ்மன். அவர் வாலிபத்திலிருந்து இந்தத் துறையில் கயிறு கட்டி அவிழ்க்கிறவர். வேறு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

பாதிரியார் முடித்தபோது பனி வந்துவிட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இங்கே பனிக்காக நிறுத்துவதென்றால் கல்யாணம்கூட நடக்காது. முர்டாக் கரைக்கு முதுகைக் காட்டி நின்று கோலைத் தூக்கினார்.

புறப்பாட்டுப் பாட்டு எழுந்தது. கிளாரினெட்டுகள் கடல்பறவை மாதிரி மேலே போக, டியூபா அடியில் புரள, வெர்னாவின் டிரம் நங்கூரம் தூக்குகிறவர்களின் காலடிபோல் இறங்கி இறங்கி அடித்தது. எல்வா அடியெடுத்துக் கொடுத்தாள். பேண்டு பதில் சொன்னது. சின்னச் சின்ன வரிகள். மூச்சு தாராளமாக இருந்தது. கரையில் சிலர் கூடவே பாடினார்கள். நடுவில் ஒரு பெரிய கைதட்டல் கேட்டது. இன்னும் முடியவே இல்லையே, எதற்குத் தட்டுகிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியம். தாளிலிருந்து கண்ணை எடுக்க நேரமில்லை. கைதட்டல் மெல்ல மெல்ல மெலிந்து, கம்பளிக்குள் வைத்துத் தட்டுகிற மாதிரி ஆகி, இல்லாமல் போயிற்று.

பிறகு அலை.

பேண்டு அன்றைக்கு வாசித்த மாதிரி என்றைக்கும் வாசித்ததில்லை என்று இன்றும் சொல்லுவார்கள். ஓசை எழும்போது நாற்காலியே எழுவதுபோல் இருந்தது. தாழும்போது கால்கள் தாழ்ந்தன. எல்லார் தோள்களும் ஒரே சாய்வில் சாய்ந்து நிமிர்ந்தன. பனி தாள்களின்மேல் பூத்து, சுரங்களின் ஓரத்தை அழித்துக்கொண்டிருந்தது. முர்டாக்கின் கோல் நுனி வெண்மைக்குள் போய்ப் போய்த் திரும்பி வந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். எல்வாவுக்குத் தூக்கத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. தன் முறை வந்ததும் அந்த நீள வரியை எடுத்தாள். வாத்தியத்தின் வாயிலிருந்து ஓசை போனதா, பனிதான் அதை உறிஞ்சி இழுத்துக்கொண்டதா என்று தெரியவில்லை. அலை ஏறிற்று. உச்சிக்கு வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் நெஞ்சைப் பிழிந்தாள்.

உடைந்துவிட்டது.

அந்த இடத்தில் மற்ற வாத்தியங்களுக்கு வேலை இல்லை. அவள் ஒருத்தியின் குரல்தான். அதனால் அவள் நின்றதும் எல்லாமே நின்றது. வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். அப்போதுதான் காதில் விழுந்தது, எதுவும் விழவில்லை என்பது. குழந்தைகள் அழவில்லை. நாய் குரைக்கவில்லை. கொடிகள் படபடக்கவில்லை. பலகைக்கு அடியில் தண்ணீர் நக்குகிற சத்தம் மட்டும்.

"எல்வா!" முர்டாக் கண்ணைத் திறந்தார். "சரியா அதே இடத்துல..."

"முர்டாக்," என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "துறை எங்க?"

முர்டாக் திரும்பிப் பார்த்தார். நாற்காலிகளுக்கு அப்பால் வெள்ளை. அதற்கு அப்பாலும் வெள்ளை.

ஹார்வி எழுந்துபோய்க் கயிற்றைத் தேடினான். பின்கயிறு தண்ணீரில் தளர்ந்து இழுபட்டுக்கொண்டிருந்தது; யாரும் அறுக்கவில்லை, ஒழுங்காக அவிழ்த்துவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. புறப்பாட்டுப் பாட்டில் மூன்றாவது அடிக்கு முன்கயிற்றை அவிழ்க்க வேண்டும், நாலாவது அடிக்குப் பின்கயிற்றை. இந்தத் துறையில் அந்தப் பாட்டைப் பாடினால் கயிற்றை அவிழ் என்றுதான் அர்த்தம்.

"கிளைசன்!" என்று பேண்டு மொத்தமும் முனகிற்று.

"நாங்க அவ்வளவு நல்லா வாசிச்சோமா?" என்றாள் வெர்னா.

"நங்கூரம் இருக்கா பாருங்கடா," என்றார் முர்டாக்.

"இருக்கு," என்றான் ஹார்வி. "கரையில. நாற்காலி போட இடம் போதலைன்னு நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். ஏறிய கடல் வடிந்து, நீர் வாய்க்கால் மாதிரி துறையை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு போகிற நேரம் அது. துறைவாயில் கிழட்டுப்பல் என்று ஒரு பாறை இருக்கிறது. நீர் வடிந்தால் தலையைக் காட்டும். படகுக்காரர்கள் இரவில்கூட அதற்கு வழிவிட்டுப் போவார்கள். தெப்பத்துக்கு அது எங்கே தெரியும்? ரேடார் எல்லாம் அப்போது இந்தத் துறைப் படகுகளில் கிடையாது.

"ஊதுங்க," என்றார் முர்டாக். "என்ன வேணா ஊதுங்க. சத்தமா. நிறுத்தாதீங்க."

ஊதினார்கள். தெரிந்த அணிவகுப்புப் பாட்டெல்லாம் ஊதினார்கள். யாரும் நிறுத்தாமல், மாற்றி மாற்றி மூச்சு வாங்கி, ஓட்டையில்லாத ஒரு ஓசைச் சுவர். அந்தச் சுவர் பனியில் மோதி எல்லாப் பக்கமிருந்தும் அவர்களிடமே திரும்பி வந்தது. ஒருமுறை மட்டும் எங்கேயோ ஒரு படகு இன்ஜின் சத்தம் கேட்டது போலிருந்தது. அது தேடி வருகிறதா, விலகிப் போகிறதா? ஊதிக்கொண்டே எப்படித் தெரிந்துகொள்வது? உதடுகள் மரத்துப்போயின. ஒவ்வொருத்தராகக் கைவிட்டார்கள். இன்ஜின் சத்தமும் இல்லை.

எல்வா அதில் பாதியிலேயே நிறுத்தியிருந்தாள். அவளால் அவ்வளவு முடியாது. மடியில் யூஃபோனியம் சில்லிட்டுக் கிடந்தது. எல்லாரும் கேட்கும்படி உடைந்தாயிற்று. இனி இது ஹார்வியுடையது. இப்படி ஒரு வெள்ளைக்குள் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்த்தால் அவ்வளவு வலிக்கவில்லை. வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. பலகைக்கு அடியில் தண்ணீர் நீளமாக மூச்சு இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு... அது இழுக்கிற நேரத்தில் அவளும் இழுத்தாள். யாரும் சொல்லவில்லை. வாத்தியத்தைத் தூக்கி, இழுவைப் பாட்டின் முதல் அடியை மட்டும் ஊதினாள். அடியெடுத்துக் கொடுக்கிறவனின் வரி எப்போதும் குட்டைதான். கயிற்றைப் பிடித்திருக்கிறவர்கள் கைமாற்றிக்கொள்கிற நேரத்துக்குத்தான் அது இருக்கும். வார்த்தை இப்படி வரும்:

*கப்பக்காரன் கஞ்சியில உப்பே இல்ல...*

ஊதிவிட்டு நிறுத்தினாள். பதில் சொல்ல பேண்டுக்கு உதடு இல்லை.

பதில் வந்தது. அவர்கள் கரை என்று நினைத்திருந்த பக்கத்திலிருந்து இல்லை; நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து, மெல்லிசாக, ஊரே சேர்ந்து பாடுகிற குரல்.

*இழு மச்சான் இழு!*

யாரும் அசையவில்லை. வெர்னா டிரம்மின்மேல் கையை வைத்து அதன் அதிர்வை அடக்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை அண்ணி," என்றாள், காதோடு.

*பாய்மரத்து உச்சியில எலி குடும்பம்...*

*இழு மச்சான் இழு!*

இப்போது இரண்டு குரல். தூரத்தில் ஊர், அதற்கு இந்தப் பக்கம், ரொம்பக் கிட்டத்தில், சுருதியே இல்லாத ஒற்றைக் குரல். எல்வாவுக்குச் சிரிப்பு முட்டிற்று. அந்தச் சுருதியோடு அவள் குடித்தனம் நடத்துகிறாள்.

அடி கொடுத்தாள், நின்றாள், கேட்டாள். மூச்சை ஒளிக்க வேண்டிய அவசியமில்லை. அவள் மூச்சு வாங்குகிற நேரம்தான் அவர்கள் குரல் வருகிற நேரம். ஒவ்வொரு முறையும் அந்தச் சுருதிகெட்ட குரல் கொஞ்சம் பெரிதாயிற்று. கடைசியில் பனி கிழிந்து சின்னத் துடுப்புப் படகு ஒன்றின் மூக்கு வந்தது. ஆட்வுட்.

"இங்க யாராவது பேண்டு வாசிக்கிறீங்களா?" என்றார்.

"ரெண்டு வாயையும் மூடிட்டுக் கயிறைப் போடு!" என்றாள் எல்வா.

ஆட்வுட் கொண்டுவந்த கயிற்றின் மறுமுனை பின்னால் ஒரு பெரிய இன்ஜின் படகில் இருந்தது. பாறைக்குப் பயந்து அது தள்ளியே நின்றுவிட்டது. தெப்பத்தை அதுவரைக்கும் இவர்கள்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். முர்டாக் கோலை வாயில் கடித்துக்கொண்டு வெர்னாவுக்குப் பின்னால் நின்றார். எல்வா மட்டும் நாற்காலியில்.

அவள் அடி கொடுத்தாள். அவள் நின்ற இடத்தில் அவர்கள் "இழு!" என்று கத்தி இழுத்தார்கள். தெப்பம் அசைந்தது. அடுத்த அடி. அடுத்த இழுப்பு. இடதுபக்கம் தண்ணீருக்குள் ஏதோ கருப்பாக, பாசி முடியோடு, மெல்ல விலகிப் போயிற்று. எல்லாரும் பார்த்தார்கள். யாரும் பேர் சொல்லவில்லை.

அங்கிருந்து பெரிய படகு இழுத்து வந்து சேர்த்தபோது கரையில் ஊரே நின்றது. கிளைசன் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"கிளைசன், உனக்கு மூளை இருக்கா?" என்று முர்டாக் பாய்ந்தார்.

"நீதானய்யா புறப்படச் சொல்லி ஊதின! மூணாவது அடி வந்துச்சு, கை தானா போச்சு. ஊர்க்காரங்களும் கை தட்டினாங்க."

"நாங்க அது உன் ஏற்பாடுன்னு நினைச்சோம், முர்டாக்," என்றார் பாதிரியார். "ரொம்ப அழகா இருந்துது. அப்படியே பனிக்குள்ள போனீங்க."

டீயும் ஹாம் வைத்த ரொட்டியும் வந்தன. வயிறு நிறைந்ததும், மிச்சத்தையும் வாசியுங்கள் என்று கூட்டம் கேட்டது. இந்தத் தடவை தரையில், துறைப் பலகைமேல். கிளைசனை மட்டும் எல்லாரும் கேலி செய்து தூரமாக உட்கார வைத்தார்கள்.

முர்டாக் எல்வாவின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் உள்ளங்கையைக் கயிறு உரித்திருந்தது. "அலைப் பகுதி," என்றார்.

எல்வா வாத்தியத்தின் வாயைத் துடைத்தாள். "முர்டாக், என் பழைய மூச்சு திரும்பி வராது. டாக்டர் சொல்லிட்டார். பனிக்காலத்துலயே சொல்லிட்டார். நான்தான் உங்கிட்ட மறைச்சேன். வேணும்னா ஹார்விகிட்ட கொடு. என்கிட்டயே இருந்தா, நடுவுல நிறுத்தி மூச்சு வாங்குவேன். ஊருக்கே கேக்கும்."

முர்டாக் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேண்டின் பக்கம் திரும்பினார். "அலையில எல்வா மூச்சு வாங்கற இடத்துல, எல்லாரும் வாங்குங்க. சேர்ந்து. ஒளிக்காதீங்க." கொஞ்சம் நின்று, "இன்னிக்கு மட்டும்தான்," என்றார்.

"ஆமாமா," என்றாள் வெர்னா. "இன்னிக்கு மட்டும்தான்."

வாசித்தார்கள். அலை எழுந்து, உருண்டு, உச்சிக்கு வந்தது. எல்வாவின் நெஞ்சு காலியாயிற்று. அவள் நிறுத்தினாள். பேண்டு முழுக்க ஒன்றாக வாய் திறந்து மூச்சு இழுத்தது. கூட்டமும் தன்னையறியாமல் இழுத்தது. அந்த இடைவெளியில், பலகைகளுக்கு அடியில், கடல் வந்து தூண்களைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. முர்டாக்கின் கோல் மேலேயே நின்றது. அவர் அவசரப்படவில்லை. தண்ணீர் போய் முடிந்தபிறகு, எல்வா விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

இதுதான் சங்கதி. நீங்கள் பேண்டிலோ, கோயில் மேளத்திலோ, பள்ளிக்கூட வாத்தியக் குழுவிலோ ஊதியவர்களாக இருந்தால், அல்லது கடலில் வழி தப்பிப்போய் ஒரு குரலைக் கேட்டுத் திரும்பி வந்தவர்களாக இருந்தால், எனக்கு எழுதுங்கள். எவ்வளவு நீளமாக எழுதினாலும் சரி. இந்தப் பனி விலகுகிற மாதிரி இல்லை, உட்கார்ந்து படிக்கிறேன்.